தறிக்குழி மேல் போட்ட மேசை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில், என் நாற்காலிக்கு நேர் கீழே, கம்பளம் இரண்டு இடத்தில் தேய்ந்து நூல் தெரிகிறது. இரண்டும் என் பாதங்களின் அளவு. சாப்பிட உட்கார்ந்தால் என் கால்கள் சும்மா இருப்பதில்லை. வலது ஒரு மிதி, இடது ஒரு மிதி என்று அவை பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்குக் குடிவந்த நாளிலிருந்து என் மனைவி சரோஜா இதற்காக என்னைத் திட்டி வருகிறாள். "மேல சோறு துன்றீங்க, கீழ இன்னா ஓட்டம் ஓடறீங்க?" என்பாள். எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, இந்த வீட்டை விற்க முடிவுசெய்து, போன வாரம் வீடு விற்றுத்தரும் கம்பெனியிலிருந்து பிரைஸ் என்ற இளைஞர் வந்தபோதும் முதலில் அவர் கண்ணில் பட்டது அந்தத் தேய்மானம்தான்.

பிரைஸ் நல்ல பையன். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு அறையை மட்டும் கொஞ்சம் அலங்கரிக்க வேண்டும் என்றார். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து நாலு பேருக்குத் தட்டு வைத்து, நாப்கினை மடித்து வைத்து, நடுவில் பழம் வைக்க வேண்டுமாம். பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நினைப்பு வந்துவிட்டால் போதும், பாதி வீடு விற்ற மாதிரி. அப்புறம் குனிந்து கம்பளத்தைப் பார்த்தார். "இதன் மேல் ஒரு சின்ன விரிப்பைப் போட்டு மறைத்துவிடுங்கள். எப்படி இப்படித் தேய்ந்தது?" என்று கேட்டார். நெய்து நெய்துதான் தேய்ந்தது என்று சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தியர்களுக்கு இவ்வளவு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று தனக்குத் தெரியாது என்றார். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் எங்கள் பகுதி. எங்கள் வீட்டில் சாப்பாட்டு அறை என்று ஒன்று கிடையாது. வாசலைத் தாண்டினால் நீளமாக ஒரு கூடம், கூடத்தின் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். தரையில் தொடையாழத்துக்கு ஒரு குழி. நெய்கிறவர் தரைமட்டத்தில் பலகை மேல் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதிப்பார். பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை அப்பாவுக்குப் பக்கத்தில் என் காலும் அந்தக் குழிக்குள்தான் கிடந்தது. பிறகு மெட்ராசில் ஃபிட்டர் வேலை படித்தேன், அறுபதுகளின் கடைசியில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தேன். முதன்முதலாக ஒரு ஆங்கிலேயர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் காலை நீட்டியபோது, என் கால் தானாகவே மிதிகட்டையைத் தேடியது. மேலே வெளிச்சம், கீழே இருட்டு, கால்கள் கண்ணுக்குத் தெரியாமல் தனியே இருக்கும் நிலை. அதற்கு என் உடம்பு அறிந்த பெயர் தறி.

ஆனால் அந்த இடத்தில் நாங்கள் ஒரு பருக்கைச் சோறு தின்றதில்லை. பட்டில் எண்ணெய்க் கை பட்டால் போகவே போகாது. புளிக்கறை பட்டால் சாயம் மாறிவிடும். அப்பா தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து பின்கட்டுக்குப் போவார். சாப்பிட்டு முடித்ததும் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, மோந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பத் தறியில் உட்காருவார். இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் கையில் இருக்கும் ஊடையை, அந்தக் குறுக்கிழையை, முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். இழையைச் சுமந்து ஓடுகிற நாடாவை அந்தக் கரைக்கு ஓட்டி, இழையை அடித்து ஒட்டிவிட்டு, பிறகுதான் "யாரு?" என்பார். நான் பாதியில் எழுந்து ஓடினால் திட்டு விழும்.

இந்த வீட்டை நாங்கள் வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும். இதை விற்றவர் மிஸஸ் ஹாரிஸ் என்ற அம்மாள். நாங்கள் பார்க்க வந்த அன்று சாப்பாட்டு அறையில் நாலு பேருக்கு மேசை போட்டிருந்தது. தட்டு மேல் தட்டு, பளபளவென்று கத்தி, கரண்டி, இரண்டு மெழுகுவர்த்தி, கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சைக் கொத்து. சாப்பிடுகிற நேரத்தில் வந்துவிட்டோமே என்று சரோஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். மிஸஸ் ஹாரிஸ் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, தாராளமாக உட்கார்ந்து பாருங்கள் என்றார். எங்கள் ஊரில் தட்டு போட்டு உட்காரச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் உட்கார்ந்தேன். சரோஜாவும் இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நாப்கினை விரித்து மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். மிஸஸ் ஹாரிசும் புன்னகையோடு நின்று காத்திருந்தார். கடைசியில் மகள் கை நீட்டி ஒரு திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டு, துப்பினாள். மெழுகு. வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டப் போட்ட மேசை என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எழுந்து மாடியைப் பார்க்கப் போனபோது நாங்களும் மிஸஸ் ஹாரிசும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இருந்தாலும் அந்த மேசைக்காகத்தான் இந்த வீட்டை வாங்கினோம். நாலு தட்டில் மூன்று எங்களுடையது, நாலாவது அம்மாவுடையது என்று நான் அங்கேயே மனசுக்குள் பங்கு பிரித்துவிட்டேன். குடிவந்த பிறகு பார்த்தால், மிஸஸ் ஹாரிசின் பெரிய அலமாரி நின்ற சுவரில் முறத்தளவுக்கு ஈரம் ஊறியிருந்தது. ஏமாந்தோம் என்று தெரிந்தும் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்தேன். வீடு விற்கும் வித்தையைக் கற்றுக்கொண்டதாகக்கூட எனக்கு ஒரு பெருமை.

அடுத்த வருடமே அந்த வித்தையைக் காட்டச் சந்தர்ப்பம் வந்தது. அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். தந்தி கிடைத்தபோது என்னால் போக முடியவில்லை. தறியைக் கழற்றிச் சொந்தக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று அம்மா குழியைப் பலகை போட்டு மூடிவிட்டு, அந்த நீளக் கூடத்தில் தனியாக இருந்தாள். ஒரே பிள்ளை நான். மழைக்காலத்தில் முற்றத்தில் வழுக்கி விழுந்து மாலை வரை யாருக்கும் தெரியாமல் கிடந்தாள் என்று பக்கத்து வீட்டார் எழுதியபோது என்னால் சோறு தின்ன முடியவில்லை. என்னோடு வந்துவிடு, வீட்டை விற்றுவிடலாம் என்று எழுதினேன். "வீட்டை வித்துடலாம். நீயே வந்து முடிச்சிக் குடு" என்று பதில் வந்தது. அம்மா வரச் சம்மதித்துவிட்டாள் என்று சரோஜாவிடம் கடிதத்தைக் காட்டிக் கூத்தாடினேன். அவளுக்கென்று பழுப்பு நிறத்தில் கனமான கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கினேன். நாலு வாரம் லீவு. அதற்குள் விற்றாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த டிக்கெட்டுக்குப் பணம் சேர மூன்று வருடமாகும், அம்மா அதுவரை தனியாகக் கிடப்பாள்.

ஐப்பசி கடைசியில் போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் நாளே கலியாணத்துக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து ஒரு மேசையும் நாலு நாற்காலியும் வரவழைத்தேன். கூடத்தில் எடுப்பான இடம் குழி இருந்த இடம்தான். பலகைகள் மேல் பாயை விரித்து, அதன் மேல் மேசையைப் போட்டு, அம்மாவிடம் இருந்த வெள்ளை வேட்டித் துணியை விரித்து, சீமையிலிருந்து கொண்டுபோன பீங்கான் தட்டுகளை அடுக்கினேன். அம்மா சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா இது?"

"டைனிங் ரூம்மா. வூடு பாக்க வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு."

"உங்கப்பா தண்ணிகூடக் குடிக்காத எடம்டா. அங்க எச்சக்கையா?"

"யாரும் சாப்பிட மாட்டாங்கம்மா. சும்மா வெச்சிக் காட்டறதுதான்."

"துன்றதுக்கு இல்லன்னா இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாப்பிடாத மேசை என்பதால் மட்டுமே அவள் அதைச் சகித்துக்கொண்டாள். எங்கள் சாப்பாடு வழக்கம்போலப் பின்கட்டில், தரையில் நடந்தது.

முதலில் வந்தவர் வாலாஜாபாத்தில் அரிசி மில் கணக்குப்பிள்ளை. காஞ்சிபுரத்தில் மகன் படிக்க வீடு தேடினார். மேசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மெஸ் நடத்தினீங்களா தம்பி?" என்றார். இல்லை என்று நான் விளக்குவதற்குள் முற்றத்துக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரு வருடத்துக்கு முன் நான் உட்கார்ந்திருந்த அதே உட்கார்வு. அம்மாதான் சமாளித்தாள். "அங்க காத்தே வராதுண்ணா, இப்டி வாங்க" என்று பின்கட்டுக்கு அழைத்துப்போய் நாலு இட்டிலி வைத்தாள். அவர் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டு, வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்து வந்தவர் மேசை என்ன விலை என்று கேட்டார்.

மூன்றாவதாக வந்தார்கள் முனிரத்தினமும் நாகம்மாவும். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். பாலாற்றுப் பக்கம் செவிலிமேட்டில் வாடகைக்கு இருந்தார்கள். புருஷன் பெண்சாதி இரண்டு பேருமே தறியில் உட்காருகிறவர்கள். இவர்கள்தான் நிஜமாக வாங்குவார்கள் என்று பார்த்ததுமே எனக்குத் தோன்றியது. உற்சாகமாக மேசையைச் சுற்றிக் காட்டினேன். முனிரத்தினம் தட்டுகளைப் பார்க்கவே இல்லை. சுவரோரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"குழி எங்கப்பா?"

"மூடியாச்சிண்ணா. மேலதான் இந்த டைனிங் ரூம் போட்டிருக்குது."

"தெறந்து பாக்கலாமா?"

நான் தட்டுகளைப் பார்த்தேன். காலையில் ஒரு மணி நேரம் மெனக்கெட்டு அடுக்கியது. "அது எதுக்குண்ணா, பழைய குழிதானே" என்றேன். நாகம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள். தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். எனக்கு என்ன குறையென்றே புரியவில்லை.

அன்றைக்குப் பிடித்த மழை நாலு நாள் ஆகியும் விடவில்லை. யாரும் வரவில்லை. என் லீவில் பாதிக்கு மேல் போய்விட்டது. கோட்டு பெட்டிக்குள் கிடந்தது. நான் மேசை முன் உட்கார்ந்து வெறும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அம்மா ஈரத் தலையோடு தெருவிலிருந்து வந்து எதிரே நின்றாள்.

"தெருவுல இன்னா பேசிக்கினு இருக்காங்க தெரியுமாடா? சீமக்காரன் குழில தண்ணி ஊறுது, அத மறைக்கத்தான் மேச போட்டு மூடிக்கினு இருக்கறான்றாங்க."

மிஸஸ் ஹாரிசின் அலமாரி ஞாபகம் வந்தது. அந்த ஈரச் சுவர் ஞாபகம் வந்தது. அவரைக் கெட்டிக்காரி என்று மெச்சியவன், அதே வித்தையை என் அப்பாவின் வீட்டில் செய்திருக்கிறேன். அதுவும் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில்.

"மழக்காலத்துல பாதி வூட்ல குழி ஊறும். ஊறிச்சின்னா தறி நிக்கும், வயிறு காயும். வூடு பாக்க வர்றவன் மழைல வந்து குழிலதான் மொதல்ல கைய வெப்பான். செவத்தையா பாப்பான்? அந்த முனிரத்தினம் வூட்ல வருஷத்துக்கு ரெண்டு மாசம் தண்ணிய எறைச்சிக்கினு கெடக்கறாங்க."

"மொதல்லயே சொல்றதுதானேம்மா?"

"ஏழு வருஷம் அதுல கால வெச்சவன் நீ. உனுக்கே தெரியும்னு நெனச்சேன்."

தட்டுகளை எடுத்தேன். மேசையை ஓரமாகத் தள்ளினேன். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலகைகளைத் தூக்கினோம். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழிக்குள் மண் பொடிப்பொடியாக உலர்ந்து கிடந்தது. அப்பாவுடைய மிதிகட்டைகள் இரண்டும் அடியில் அப்படியே இருந்தன. தறியைக் கழற்றியவர் அவற்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். கட்டையில் பாதம் படுகிற இடம் வழவழவென்று பள்ளமாகியிருந்தது. நான் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டேன். கால் தேடவே இல்லை, நேராகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. தந்தி வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்திருப்பார்கள், நானே அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு அந்தக் குழியில் காலை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழு, அழு" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா தெருக்கதவை அகலமாகத் திறந்து வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி செவிலிமேட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு முனிரத்தினமும் நாகம்மாவும் வந்தார்கள். நாகம்மா குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து குழியின் மண்ணை அள்ளிக் கையில் பிசைந்து பார்த்தாள். முனிரத்தினம் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மிதித்துப் பார்த்தார். அப்புறம் மனைவியை நிமிர்ந்து பார்த்து, "பாகுந்தி" என்றார். நல்லா இருக்குது என்று அர்த்தம். நாகம்மா அழாத குறை. மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டு ஆட்கள் சாட்சியாக விலை பேசி முடித்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

அவர்கள் போனதும் நான் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து அம்மாவின் தோளில் போட்டேன். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். பொத்தானைப் போட்டுப் பார்த்தாள். பிறகு கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பின்கட்டு ரூமு எனுக்குன்னு நாகம்மாகிட்ட பேசிட்டேன்டா. அவ சரின்னுட்டா. அக்கா இருந்தா தறிக்கு நூல் தார் சுத்த ஆளாச்சின்னு சந்தோஷப்பட்டா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. "வரேன்னு எழுதினியேம்மா!"

"வூட்ட வித்துடலாம்னு எழுதினேன். ஊர வுட்டு வரேன்னு எப்பப்பா எழுதினேன்?"

யோசித்துப் பார்த்தால் நிஜம்தான். மீதியை எழுதியது என் ஆசை. "நாலாவது நாற்காலி வாங்கி வெச்சிருக்கேன்மா" என்றேன்.

"தெரியும்பா. உன் மனசு தெரியும். ஆனா நீயும் சரோஜாவும் காலைல வேலைக்குப் போயிடுவீங்க. குழந்த பள்ளிக்கூடம் போயிடும். நான் இந்தக் கோட்ட மாட்டிக்கினு யார் மொகத்தப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன்? இங்க ரெண்டு வருஷம் சத்தமே இல்லாம இருந்துட்டேன். அதான் வூட்ட விக்கச் சொன்னேன். தறி சத்தம் கேட்டா எனுக்குத் தூக்கம் வரும்டா."

அம்மா தனியாகக் கிடக்கக் கூடாது என்றுதான் நான் ஐயாயிரம் மைல் பறந்து வந்தேன். அது நடந்துவிட்டது, நான் நினைத்த விதத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான். என்றாலும் வலித்தது. வாடகை மேசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது, தோற்றுப்போனவன் மாதிரித்தான் தெருவில் நடந்தேன். கிளம்புகிற அன்று முனிரத்தினம் தம் தறியைக் கொண்டுவந்து குழியில் பூட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாசல் வரை வந்து நின்றாள். கோட்டை என்ன செய்வாளோ என்று நான் கேட்கவில்லை.

அதற்குக் கடிதத்தில் பதில் வந்தது. நாகம்மா மகள் எழுதிக் கொடுத்தது. "கோட்டை மடிச்சி பலகை மேல போட்டிருக்கோம். முனிரத்தினம் உக்கார மெத்துனு இருக்குதாம். இடுப்பு வலி போச்சின்றாரு. சாப்பிட்ட கையோட தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்." சரோஜா படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு வருடமாக அந்தக் கோட்டு அங்கே தறியில் உட்கார்ந்திருக்கிறது. நான் இங்கே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. வீட்டைப் பார்க்க ஒரு இளம் தம்பதி வருகிறார்கள். பிரைஸ் சொன்னபடியே சரோஜா நாலு பேருக்கு மேசை போட்டாள், நாப்கின் மடித்தாள். கிண்ணத்தில் நிஜமான திராட்சை வைத்தாள், அதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். ஈரச் சுவரின் முன்னால் எதையும் நிறுத்தவில்லை, கேட்டால் சொல்லிவிடுவதாக முடிவு. கம்பளத்தின் மேல் பிரைஸ் போடச் சொன்ன சின்ன விரிப்பை நான் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அந்த இரண்டு தேய்மானமும் அப்படியே வெளியே தெரிகின்றன.

அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. என் நாற்காலியில் கடைசியாக ஒருமுறை உட்கார்ந்தேன். சாப்பிடாத தட்டு முன்னால் இருந்தது. கால்கள் தம் இடத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தன. வாசல் மணி அடித்தது. சரோஜா சமையலறையிலிருந்து, "வந்துட்டாங்க, எழுந்திருங்களேன்" என்று குரல் கொடுத்தாள். நான் வலது காலை மிதித்து, நாடாவை அந்தக் கரைக்கு ஓட்டி, ஊடையை முடித்துவிட்டு, எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.